முகத்தில் பாயும் மின்னல்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. பிறர் படும் நோவை நாம் அறிந்துகொள்வது எத்துணை அரிது என்பதை இம்மொழி சுருங்கச் சொல்லிவிடுகிறது. புண்ணைக் கண்டால் இரங்குகிறோம். வீக்கத்தைக் கண்டால் மருந்து தேடுகிறோம். புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை, சுரமும் இல்லை, ஆயினும் ஒருவர் கன்னத்தைப் பற்றிக்கொண்டு துடிக்கிறார் என்றால், அவரை நம்புவதா ஐயுறுவதா என்று வீட்டாரும் மயங்குவர். மருத்துவரும் சில வேளை மயங்குவர். இவ்வாறு நெடுங்காலம் நம்பப்படாமல் கிடந்த ஒரு வலியின் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம். முக்கிளை நரம்பு வலி என்பது அதன் பெயர்.

முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் உணர்ச்சியைத் தருவது மூளையினின்று புறப்படும் ஐந்தாவது நரம்பு. அது மூன்று கிளைகளாகப் பிரிந்து, ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், ஒன்று கீழ்த்தாடைக்கும் செல்கிறது. ஆதலின் அதனை முக்கிளை நரம்பு என்கிறோம். இந்நரம்பில் நோய் கண்டால், முகத்தின் ஒரு பக்கத்தில் மின்னல் வெட்டினாற்போல வலி பாய்கிறது. சில நொடிகளோ, மிகுந்தால் 2 நிமிடங்களோ நின்று, வந்தது போலவே மறைகிறது, மீண்டும் வருகிறது. முகம் கழுவினால் வரும். பல் துலக்கினால் வரும். ஒரு கவளம் சோற்றை மென்றால் வரும். சன்னல் வழியே இளங்காற்று பட்டாலும் வரும். 50 வயதைக் கடந்தவர்களிடம் இது மிகுதி. ஆடவரினும் பெண்டிரிடம் மிகுதி. சோறும் பேச்சும் ஒருவருக்கு அச்சம் தருவனவாக மாறிவிட்டால், வாழ்வில் எஞ்சுவது என்ன? இந்நோயை மனிதர் அறிந்த வலிகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று என மருத்துவ நூலோர் கூறுவது மிகையன்று.

பண்டை நூல்களில் இதன் சாயல் தென்படுகிறது. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரத்தில் தலைநோய்கள் 11 எனப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அனந்தவாதம் என்பது ஒன்று. பிடரியில் தொடங்கும் வலி கண், புருவம், நெற்றிப்பொட்டு ஆகியவற்றைத் தாக்கும் என்றும், கன்னப் பக்கம் நடுங்கும் என்றும், தாடை இறுகும் என்றும் அந்நூல் கூறும். இன்றைய நோயும் அதுவும் ஒன்றேயெனத் துணிந்து கூற இயலாது. எனினும் இரண்டையும் ஒப்பிட்டுக் காணும் அறிஞர் பலர்.

ஐரோப்பாவில் இந்நோயைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர், தத்துவ அறிஞராக உலகம் அறிந்த ஜான் லாக். அவர் மருத்துவமும் கற்றவர் என்பதைப் பலர் அறியார். 1677ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், ஆங்கிலத் தூதரின் மனைவிக்கு முகத்தின் ஒரு பாதியில் திடீர் திடீரெனத் தீப்பாய்ந்தது போன்ற வலி கண்டது. லாக் அருகிருந்து பார்த்துத் தம் மருத்துவ நண்பருக்குக் கடிதங்கள் எழுதினார். பின்னர் 1756இல் நிக்கோலா ஆந்திரே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு ஒரு பெயரிட்டார். வலி வரும்போது முகம் சுளித்துத் துடிப்பதை அப்பெயர் குறித்தது. 1773இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் நோயின் குறிகளை வரிசைப்படுத்திக் கூறினார். திடீர்த் தாக்குதல், குறுகிய நேரம், தொடுதலாலும் உண்ணுதலாலும் தூண்டப்படுதல் என அவர் கண்ட குறிகளை இன்றைய மருத்துவ மாணவரும் படிக்கின்றனர்.

குறி தெரிந்தது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாதபோது செய்யும் சிகிச்சை, இருட்டில் எறியும் கல்லுக்கு ஒப்பாகும். முகத்தில் வலி என்றால் முகத்துக்கு வரும் நரம்பை வெட்டலாம் எனச் சிலர் எண்ணினர். முகத்துத் தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்புக்கும், உணர்ச்சி தரும் ஐந்தாவது நரம்புக்கும் உள்ள வேறுபாடு அந்நாளில் விளங்கவில்லை. எனவே ஏழாவது நரம்பு வெட்டப்பட்டது. வாய் கோணியது, கண் மூட இயலாமற் போயிற்று, வலியோ இருந்தபடியே இருந்தது. 1821 முதல் சார்லஸ் பெல் செய்த ஆராய்ச்சிகளும், அவற்றை ஒட்டிப் பிறர் செய்த திருத்தங்களும் இவ்விரு நரம்புகளின் தொழிலைப் பிரித்துக் காட்டிய பிறகே அக்கொடுமை நின்றது.

அடுத்து வந்தது ஐந்தாம் நரம்பையே அறுக்கும் காலம். 1891இல் இலண்டனில் விக்டர் ஹார்ஸ்லி மண்டையோட்டைத் திறந்து அந்நரம்பின் வேரை அறுத்தார். அந்நோயாளி சில மணி நேரத்தில் உயிர் நீத்தார். மறு ஆண்டில் அமெரிக்காவில் ஹார்ட்லியும் ஜெர்மனியில் கிராவுசேயும் நெற்றிப்பொட்டின் வழியாக நரம்புமுடிச்சை அடையும் முறையைக் கண்டனர். 1900இல் ஹார்வி குஷிங் அதனைச் செம்மை செய்தார். 1901இல் ஸ்பில்லர், ஃபிரேசியர் என்னும் இருவர், முடிச்சை விட்டுவிட்டு அதன் பின்னுள்ள வேரை மட்டும் அறுக்கும் வழியை வகுத்தனர். உயிர்ச்சேதம் குறைந்தது, வலியும் தீர்ந்தது. ஆயினும் விலை பெரிது. முகத்தின் பாதி மரத்துப் போயிற்று. கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாத நிலையில், கருவிழி புண்பட்டுப் பார்வை இழந்தோரும் உண்டு. சாராயச் சத்தை ஊசிவழி நரம்பில் செலுத்துவோரும் இருந்தனர். சில திங்களோ சில ஆண்டோ கழித்து வலி திரும்பிற்று. ஜெர்மனியில் டிரைகுளோரோஎதிலீன் என்னும் இரசாயனத்தின் ஆவியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு முகம் மரத்துப்போனதைக் கண்டு, 1915 அளவில் அதனையே நோயாளிகளுக்கு முகரக் கொடுத்தனர். துன்பம் எத்துணைப் பெரிதாயிருந்தால், நஞ்சையும் மருந்தென ஏற்க மக்கள் முன்வந்திருப்பர்!

இவர்கள் அனைவரும் வலியைத் தூக்கிச் செல்லும் கம்பியை அறுத்தனர். வலி பிறக்கும் இடத்தைத் தேடினார் அல்லர். தேடிக் கண்டவர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வால்டர் டாண்டி. அவர் பிறரைப் போல நெற்றிப்பொட்டின் வழியே செல்லாமல், காதின் பின்புறமாகச் சிறுமூளையின் அருகே நுழைந்தார். அங்கே ஐந்தாம் நரம்பு மூளைத்தண்டினின்று வெளிப்படும் இடத்தை நேரில் காணலாம். 1934இல் 215 நோயாளிகளிடம் தாம் கண்டவற்றை அவர் வெளியிட்டார். பலரிடத்தில் ஓர் இரத்தக்குழாய், பெரும்பாலும் சிறுமூளைக்கு மேற்புறமாகச் செல்லும் தமனி, நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருந்தது. சிலரிடம் சிரையும், சிலரிடம் கட்டியும், சிலரிடம் பிறவியிலேயே பின்னிக் கோணிய குழாய்த் திரளும் காணப்பட்டன. இவ்வழுத்தமே வலிக்குக் காரணம் என்றார் டாண்டி.

இவ்விடத்தில் நம் மொழி வழக்கு ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். பேச்சுத் தமிழில் உணர்ச்சி நரம்பையும் 'நரம்பு' என்கிறோம். இரத்தம் ஓடும் குழாயையும் 'நரம்பு' என்கிறோம். நரம்பில் ஊசி போட்டார் என்றால் அது சிரையையே குறிக்கும். தெலுங்கில் 'நரம்' என்னும் சொல்லும் அவ்வாறே இரண்டுக்கும் வழங்குகிறது. ஒரு சொல்லால் நாம் குறிக்கும் இவ்விரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒன்று செய்தி சொல்லும் இழை. மற்றொன்று குருதி பாயும் குழாய். அவை ஒன்றையொன்று தொடக்கூடாத இடத்தில் தொட்டதனால் விளைந்ததே இந்நோய். வயது ஏற ஏறத் தமனி நீண்டு வளைகிறது. வளைந்த பகுதி நரம்பின் வேர்மீது படிந்து, ஒவ்வொரு நாடித் துடிப்பின்போதும் அதனை இடிக்கிறது. மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல நரம்பிழைகளுக்கும் ஓர் உறை உண்டு. இடைவிடா இடியினால் அவ்வுறை தேய்கிறது. தேய்ந்த இடத்தில் ஓர் இழையின் செய்தி மற்றோர் இழைக்குத் தாவுகிறது. மெல்லிய தொடு உணர்ச்சி கடும் வலியாக மாறி மூளைக்குப் போய்ச் சேர்கிறது. இளங்காற்றும் இடியாவது இவ்வாறுதான்.

டாண்டி கண்டது உண்மை. ஆயினும் உலகம் அதனை 30 ஆண்டுகளுக்கு மேல் ஏற்கவில்லை. ஏன்? மற்ற அறுவை மருத்துவர்கள் சென்ற வழியில் அவ்விடம் கண்ணுக்குப் படாது. இறந்தாரின் உடலை ஆய்ந்தோர்க்கு, குருதி வடிந்து தளர்ந்த குழாயில் அழுத்தம் தெரியவில்லை. வலியே இல்லாதாரிடமும் சில வேளை குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது உண்டு. அன்றியும், காரணம் குழாய் என்று கூறிய டாண்டியே குழாயை விலக்காமல் நரம்பை அறுத்துவந்தார். தம் கொள்கையைத் தம் செயலால் மெய்ப்பிக்க அவர் முனையவில்லை. ஒரு கருத்து உண்மையாயிருப்பது மட்டும் போதாது. அதனை மற்றவரும் காணும்படி காட்டும் கருவியும் வேண்டும்.

அக்கருவி, அறுவைக்கூடத்து நுண்ணோக்கி. 1959இல் கார்ட்னர் என்பவரும் அவர் துணைவரும் நரம்பை அறுக்காமல் குழாயை விலக்கிப் பார்த்தனர். பின்னர்க் கலிபோர்னியாவில் இளம் அறுவை மருத்துவராயிருந்த பீட்டர் ஜனெட்டா, நுண்ணோக்கியின் கீழ் அந்நரம்பின் வேரை ஆய்ந்து, துடிக்கும் தமனி அதனை அழுத்துவதைக் கண்ணாரக் கண்டார். 1967இல் அவர் வெளியிட்ட கட்டுரை டாண்டியின் சொல்லுக்கு மீண்டும் உயிர் தந்தது. குழாயை மெல்ல விலக்கி, இடையில் சிறு பஞ்சு போன்ற ஒரு பொருளை வைத்துவிட்டால், நரம்பு அறுபடாமலே வலி நிற்கும், முகமும் மரத்துப்போகாது. இன்று அதற்கு டெஃப்லான் என்னும் பொருளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். காதுக்குப் பின்னே காசளவு துளையே இதற்குப் போதும். இம்முறையில் சிகிச்சை பெற்ற 1,185 பேரைப் பற்றி ஜனெட்டாவும் அவர் குழுவினரும் 1996இல் எழுதினர். 10 ஆண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்கு 70 பேர் மருந்தின்றி வலி நீங்கி வாழ்ந்தனர். அத்தனை பேரில் இருவர் உயிரிழந்தனர். செவிப்புலன் குறைதல் போன்ற தீங்குகளும் சிலருக்கு நேரக்கூடும். பயன் பெரிது, எனினும் இடர் அறவே இல்லை எனக் கூறலாகாது.

எல்லாருக்கும் அறுவை வேண்டுவதில்லை. முதற்படி மருந்தே. 1942இல் பிரான்சில் பெர்கூஞான் என்பவர் வலிப்பு நோய்க்குரிய ஃபெனிட்டாயின் மருந்து இவ்வலியையும் தணிக்கக் கண்டார். சுவிட்சர்லாந்தில் 1953இல் உருவாக்கப்பட்ட கார்பமசெபின் என்னும் மருந்தை, 1962இல் சுவீடன் நாட்டு மருத்துவர் பிளோம் இந்நோய்க்கு அளித்து நற்பயன் கண்டார். இன்றும் அதுவே முதல் மருந்து. தலைச்சுற்றலும் மயக்கமும் அதனால் வரலாம். தோலில் தடிப்பு கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். மருந்து பயனற்றுப் போனாலோ, உடல் அதனைத் தாங்காவிட்டாலோ அறுவையைக் கருதுவர். முதுமையாலோ வேறு நோயாலோ அறுவையைத் தாங்க இயலாதவர்க்குக் கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்பைச் சுடுதல், சிறு பலூனால் அமுக்குதல், கதிரியக்கத்தைக் குவித்தல் முதலிய வழிகளும் உள்ளன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சித்தூர், திருப்பதி, வேலூர் ஆகிய மூன்றும் ஒரே நிலப்பரப்பின் ஊர்கள். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது சித்தூரே. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வேலூர் வட ஆர்க்காட்டின் தலைநகராயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வெளி மாநிலம் சென்று தமிழர் குடியேறியது ஒரு வகை. வீட்டை விட்டு ஓரடியும் நகராமல், எல்லைக்கோடு நகர்ந்தமையால் வெளி மாநிலத்தவராய்விட்ட தமிழர் சித்தூர்ச் சீமையில் பலர். ஆயினும் நோயாளிக்கு எல்லைக்கோடு தெரியாது. சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பேருந்தேறினால் மருத்துவமனை, அவ்வளவே அவர் அறிந்த புவியியல்.

அவ்வேலூரில்தான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறை தோன்றியது. 1900 அளவில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரு கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி, கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. கோட்டயத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி சென்னையில் மருத்துவம் பயின்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் மூளை அறுவை கற்றுத் திரும்பி, 1949இல் அத்துறையை நிறுவினார். மறு ஆண்டில் சீகாழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். இவ்விருவரும், பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகியோரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அதற்கு முன்பு சித்தூர்ச் சீமையில் ஒருவருக்கு இந்த வலி வந்திருந்தால், நாட்டில் எங்கும் அதற்கெனத் தனித் துறை இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இராமமூர்த்தியும் சாண்டியும் பயிற்றிய மாணவர்கள் வழியே நரம்பியல் அறுவை நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவிற்று.

திருப்பதியிலும் காலம் மாறியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்த ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையம் 1993இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. 1995இல் சட்டத்தின்வழிப் பல்கலைக்கழக நிலை பெற்றது. நரம்பியல் துறையும் நரம்பியல் அறுவைத் துறையும் அங்கே உள்ளன. வேலூர்க் கல்லூரியும் எல்லையைக் கடந்து, சித்தூர் மாவட்டத்துக் குடிபாலா வட்டாரத்தில் ஒரு கிளை மருத்துவமனையை நடத்துகிறது. ஒரு காலத்தில் இலண்டனுக்கும் பால்டிமோருக்கும் உரியதாயிருந்த கலை, இன்று பாலாற்றங்கரைக்கும் திருமலை அடிவாரத்துக்கும் உரியதாயிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு தனிச் செய்தி உண்டு. இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. காந்தப் படம் குழாய் நரம்பைத் தொடுவதைக் காட்டும். ஆனால் வலியே இல்லாதவரிடமும் அது காட்டக்கூடும். நோய் இன்னது என முடிவு செய்வது நோயாளி சொல்லும் சொல்லைக் கொண்டே. எந்தப் பக்கம், எந்த இடம், எத்தனை நொடி, எதனால் தூண்டப்பட்டது, இடையில் வலியற்ற நேரம் உண்டா என்பவையே மருத்துவருக்கு விளக்கு. பம்பாயிலோ கல்கத்தாவிலோ தில்லியிலோ வாழும் ஒரு மூதாட்டி 'பளிச்சென்று வெட்டுகிறது', 'சுருக்கென்று இழுக்கிறது' என்று தமிழில்தான் சொல்வார். அருகிருக்கும் மகனோ மருமகளோ அதனைப் 'பல் வலி' என்று இரண்டே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டால், பல் மருத்துவரிடம் போக நேரும்; நல்ல பல் ஒன்று போகும்; பிறகு இன்னொன்று போகும். இந்நோய் கண்டவர்கள் பழுதில்லாப் பற்களை வீணே இழப்பது பண்டும் நிகழ்ந்தது, இன்றும் நிகழ்கிறது. அச்சொற்களை உள்ளபடியே, நொடிக்கணக்கும் விடாமல், அந்நாட்டு மொழியில் எடுத்துச் சொல்லுதல் உறவினர் கடமை. அது மருந்துக்கு முன் செய்யவேண்டிய சிகிச்சை எனலாம்.

ஃபாதர்கில் நோயாளிகளின் சொல்லைக் கேட்டு நோயின் குறிகளை வகுத்தார். டாண்டி பிறர் பாராத இடத்தைப் பார்த்துக் காரணத்தை அறிந்தார். ஜனெட்டா கருவியின் துணைகொண்டு அதனைப் பிறருக்கும் காட்டினார். சாண்டியும் இராமமூர்த்தியும் அக்கலையை நம் வாயிலுக்குக் கொணர்ந்தனர். இவ்வரிசையின் தொடக்கத்தில் நிற்பது கேட்டல் என்பதை மறத்தலாகாது. ஆதலின், காணக் காயமில்லையே என்று கருதி, வலிக்கிறது என்பாரை ஐயுறாதிருப்போமாக. அவர் சொல்வதை முழுதும் கேட்டு, நரம்பியல் அறிந்த மருத்துவரிடம் காலம் தாழ்த்தாது அழைத்துச் செல்வோமாக.